இறம்பொடையிற் பிறந்த கடற்படைத் தளபதி

பிரித்தானியக் கடற்படையின் அமைப்பையே மாற்றிய ஜோன் பிஷர், கடலைக் காணாத மலைநாட்டிற் பிறந்தவர். இலங்கையின் இறம்பொடையில், 1841ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் படைத்துறையிற் கப்டனாயிருந்து, பின்னர் கோப்பித் தோட்டம் நடத்தியவர். ஆறாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிஷர், 1854இற் கடற்படையிற் சேர்ந்தார். அரை நூற்றாண்டு உழைத்து, 1904 ஒக்டோபரில் முதற் கடற்பிரபு என்னும் உயர்பதவியை எய்தினார்.

ஜேர்மனி பெருங் கடற்படையொன்றைக் கட்டி வந்த காலம் அது. போருக்கு உதவாத பழங் கப்பல்களைப் பிஷர் தயக்கமின்றி ஒதுக்கினார். தூர நாடுகளிற் சிதறிக் கிடந்த படையைத் தாய்நாட்டை நோக்கித் திரட்டினார். 1906 பெப்ரவரியில் ‘டிரெட்னோட்’ என்னும் போர்க்கப்பல் போர்ட்ஸ்மவுத்திற் கடலில் இறக்கப்பட்டது. அதுவரை பெரும்பாலான போர்க்கப்பல்கள் நான்கு பெரும் பீரங்கிகளையே தாங்கின. இதுவோ பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் பத்தினைத் தாங்கியது. நீராவிச் சுழலிகளால் மணிக்கு 21 கடல்மைல் வேகத்திற் சென்றது.

இக்கப்பல் பகைவரின் கப்பல்களை மட்டுமா பழமையாக்கியது? பிரித்தானியாவின் கப்பல்களையும் அன்றே பழமையாக்கிவிட்டது. சேர்த்து வைத்த வலிமையைத் தாமே இழப்பதா எனப் பலர் கண்டித்தனர். ஆயினும் அமெரிக்காவும் ஜப்பானும் அத்தகைய கப்பல்களுக்குத் திட்டமிட்டிருந்தன. எவரேனும் செய்யவிருந்ததை முந்திச் செய்வதே பிஷரின் கொள்கை.

கனத்த கவசத்தினும் வேகமே சிறந்த காப்பு என்பது அவரது மற்றொரு நம்பிக்கை. அந்நம்பிக்கையிற் பிறந்தது ‘இன்வின்சிபிள்’ முதலிய போர்க் குரூசர் கப்பல்கள். 1910இல் ஓய்வு பெற்ற பிஷரை, 1914 ஒக்டோபரிற் சேர்ச்சில் மீண்டும் அழைத்தார். அவர் விரைந்தனுப்பிய இரு குரூசர்கள், டிசம்பர் 8ஆந் திகதி போக்லாந்துத் தீவுகளருகே ஜேர்மானியத் தளபதி ஸ்பேயின் படையை அழித்தன. ஆனால், டாடனெல்ஸ் படையெடுப்புப் பற்றிச் சேர்ச்சிலோடு முரண்பட்டு, 1915 மே 15ஆந் திகதி பிஷர் பதவி துறந்தார்.

மறு ஆண்டு மே 31ஆந் திகதி ஜட்லாந்துப் போரில் மூன்று பிரித்தானியக் குரூசர்கள் வெடித்து மூழ்கின. அவற்றுள் போக்லாந்தில் வென்ற ‘இன்வின்சிபிளும்’ ஒன்று. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், அறுவரே பிழைத்தனர். வெடிமருந்தைக் காப்பின்றிக் கையாண்டமையும் அழிவுக்குக் காரணமாயிற்று. எனினும் மெல்லிய கவசத்தின் குறையை மறைத்தல் இயலாது.

பிஷர் 1920 ஜூலை 10ஆந் திகதி காலமானார். பழமையை அஞ்சாது களைந்த அவரது துணிவே அக்கடற்படையைப் போருக்கு ஆயத்தமாக்கியது. அத்துணிவு பிழைத்தவிடத்து, அதன் விலையைக் கொடுத்தவர்கள் கப்பலிலிருந்த மாலுமிகள்.