நீர் கலந்த மருந்து: புல்ககோவும் எழுதப்படாத மீட்சியும்

எங்கள் ஊர்ப்பக்கம் 'அவன் மருந்தைக் குடிச்சிட்டான்' என்று யாராவது ஓடிவந்து சொன்னால், எந்தக் காய்ச்சலுக்கு என்று எவரும் கேட்பதில்லை. பயிருக்கு அடிக்கிற மருந்து என்று உடனே விளங்கிவிடும். பட்டாசுக்குள் இருப்பதும் மருந்துதான். வசியத்துக்காகச் சோற்றில் வைப்பதாகச் சொல்லப்படுவதும் மருந்துதான். கிரேக்கத்தின் 'பார்மகான்' மருந்து, நஞ்சு என்ற இரண்டையும் ஒருசேரக் குறிப்பதை முன்வைத்து, பிளாட்டோவை மறுவாசிப்புச் செய்து 1968இல் தெரிதா எழுதிய நீண்ட கட்டுரையின் ஒரு பகுதி நம்மூர்ப் பேச்சிலேயே கிடக்கிறது. பிளாட்டோவிடத்தில் எழுத்தும் ஒரு பார்மகான் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். மருந்துச்சீட்டு எழுதிய கையும் கதை எழுதிய கையும் ஒன்றாகவே இருந்த ஒரு மனிதரைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது.

மிகைல் புல்ககோவ் 1916இல் கீவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தின் நிகோல்ஸ்கொயெ என்ற கிராமத்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். வயது இருபத்தைந்து. உடன் மனைவி தத்தியானா லாப்பா. தொண்டை அடைப்பான் கண்ட குழந்தை ஒன்றுக்குச் சிகிச்சை செய்தபோது தொற்று பயந்து, 1917இல் தனக்கே தடுப்புச் சீரம் போட்டுக்கொண்டார். உடம்பு வீங்கி அரிப்பும் வலியும் தாங்காமல் மார்ஃபீன் ஊசி கேட்டார். தத்தியானா பிற்காலத்தில் சொன்ன தொடக்கம் இதுதான்.

இதில் புல்ககோவ் விதிவிலக்கானவர் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபீன் பிரித்தெடுக்கப்பட்டது. 1850களில் தோலடி ஊசி வந்தது. அதன் பிறகு இந்தப் பழக்கத்துக்கு ஆளானவர்களில் மருத்துவர்கள் கணிசமானவர்கள். மற்றவர்களின் உடலை ஆளும் அதிகாரத்தை மருத்துவருக்குத் தருவது சீட்டு. அந்த அதிகாரம் சொந்த உடல்மீதே திரும்பும்போது தடுக்க ஆளில்லை. நோயாளியும் அவரே, கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. 1917 செப்டம்பரில் வியாஸ்மா நகரத்துக்கு மாற்றல். 1918 தொடக்கத்தில் கீவுக்குத் திரும்பினார்கள். அவர் எழுதிய சீட்டுகளோடு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தவர் தத்தியானா. இல்லை என்று திரும்பி வந்தால் ஸ்டவ்வைத் தூக்கி எறிவார், துப்பாக்கியை நீட்டுவார்.

அவர் எப்படி மீண்டார்? மனவுறுதியால் என்றுதான் பலரும் சொல்லப் பார்ப்பார்கள். தத்தியானா சொன்னது வேறு. புல்ககோவின் தாயை மணந்திருந்த மருத்துவர் வஸ்க்ரெசென்ஸ்கியின் யோசனைப்படி, மருந்தில் காய்ச்சி வடித்த நீரைக் கலந்தார். நீர் கூடிக்கொண்டே போனது, மருந்து குறைந்துகொண்டே வந்தது. 1918க்குள் புல்ககோவ் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

இப்போது பிரதிக்கு வருவோம். 'மார்ஃபீன்' கதை 1927 டிசம்பரில் ஒரு மருத்துவப் பணியாளர் இதழில் வெளியானது. டாக்டர் பல்யக்கோவின் நாட்குறிப்பாக நகரும் கதை. அதில் அவருடைய மனைவி முன்பே பிரிந்துபோன ஒரு பாடகி. கூட இருப்பவர் அன்னா என்ற தாதி. அவர் பல்யக்கோவை நேசிக்கிறார், மருந்தைக் கரைத்தும் தருகிறார். பல்யக்கோவ் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். அன்னாவும் பிற்பாடு காய்ச்சலில் இறந்துவிடுகிறார். வாழ்க்கையிலோ இருவருமே பிழைத்தார்கள். புல்ககோவ் 1940 வரை, தத்தியானா 1982 வரை. மருந்து கொடுத்த கை கதைக்குள் வந்துவிட்டது, அதில் நீர் கலந்த கை வரவில்லை. அடிமைத்தனத்துக்கு ஒரு கதையாடல் இருக்கிறது. அதற்கு வீழ்ச்சி, வாக்குமூலம், சாவு என்று படிகள் உண்டு. மீட்சிக்கு அப்படி எதுவும் அமையவில்லை. அது சமையல்கட்டு வேலைபோல, நாள்தோறும் நடக்கிறது, கணக்கில் வருவதில்லை.

இதை நளாயினி கதையாக வாசித்துவிடும் ஆபத்து நமக்கு அதிகம். கணவன் கேட்ட இடத்துக்குக் கூடையில் சுமந்துபோனவள் நளாயினி. தத்தியானா செய்தது அதற்கு நேர்எதிர். கேட்டதைக் கொடுப்பதுபோல் காட்டிக் கொடுக்காமல் விட்டார். அது கீழ்ப்படியாமை. ஏமாற்று என்றும் சொல்லலாம். சீட்டு எழுதும் அதிகாரம் இல்லாத ஒருத்தியிடம், குப்பிக்கும் ஊசிக்கும் இடையிலிருந்த இந்தச் சின்ன இடம் மட்டுமே மிச்சமிருந்தது.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பத்து நாளைக்கென்று ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை இரண்டு வருஷம் தின்றவன் நான். சீட்டு கசங்கி எழுத்தே அழிந்துபோனது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் வீராப்பாக நிறுத்தினேன். கை நடுக்கமும் படபடப்பும் பிடித்துக்கொண்டன. வேறொரு மருத்துவர்தான், 'ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்' என்றார். மாத்திரைப் பட்டையை என் மனைவி தன் வசம் வைத்துக்கொண்டாள். பிளேடால் பாதியாக, காலாக, அதிலும் பாதியாக வெட்டித் தந்தாள். நான் கத்திய இரவுகளில் 'இன்னைக்கு இவ்வளவுதாங்க' என்பதற்குமேல் பேசமாட்டாள். ஏழு மாதம் இப்படிப் போனது.

பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முழுக்க 'நான்'. தன்னிலை, உடல், அதிகாரம் எல்லாம் அதில் இருந்தன. படித்துவிட்டு அவள் சொன்னாள்: 'நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மாத்திரையை யாரு வெட்டுனான்னு போடலியே.'

அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். தத்தியானாவின் நினைவுகளைப் படித்தபோதுதான் அது உறைத்தது.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலின் கையெழுத்துப் பிரதித் தாள்களில் மார்ஃபீன் தடயங்கள் இருப்பதை 2016இல் வெளியான ஒரு வேதியியல் ஆய்வு கண்டறிந்தது. சிறுநீரக நோயில் செத்துக்கொண்டிருந்தவரின் வலிக்கு அது மறுபடியும் மருந்தாக வந்திருக்க வேண்டும். அதைப் பழைய அடிமைத்தனத்தின் தொடர்ச்சியாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் இன்னொன்று தோன்றுகிறது. மார்ஃபீன் காகிதத்தில் எழுபது, எண்பது ஆண்டுகள் தங்கிவிடுகிறது. காய்ச்சி வடித்த நீர் காய்ந்துவிடுகிறது. அதற்கு ஆய்வகச் சாட்சியம் கிடையாது, கலந்தவள் சொன்னால்தான் உண்டு. முதுமையில் தத்தியானாவிடம் சிலர் போய்க் கேட்டார்கள், அவரும் சொன்னார். கேட்காமலே விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது நம் வரலாற்றெழுதியலுக்கு முன்னுள்ள கேள்வி. என்னளவில், அந்தப் பழைய கட்டுரையை முதல் வரியிலிருந்து திருத்தி எழுதவேண்டியிருக்கிறது.