மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி ஜீப்புகள்

வன்னியின் போர்க்கால வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் படை நடவடிக்கைகளின் பெயர்களோடும் இடப்பெயர்வுகளின் திகதிகளோடும் நின்றுவிடுகின்றனர். அக்காலத்தில் அங்கு வாகனங்கள் எவ்வாறு ஓடின என்ற வினா அவர்களுக்குச் சிறியதாகத் தோன்றக்கூடும். ஆனால் நோயாளியை மருத்துவமனைக்கும், நெல்லை ஆலைக்கும், இடம்பெயர்ந்த குடும்பத்தை அடுத்த மரநிழலுக்கும் கொண்டு சேர்த்தவை அவ்வாகனங்களே.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உதிரிப்பாகங்கள் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்தது. விளக்கெரிக்க வந்த அந்த எண்ணெயே வாகனங்களுக்கும் எரிபொருளாயிற்று.

இதில் வரலாற்றின் விசித்திரம் ஒன்றுண்டு. புதிய யப்பானிய வாகனங்கள் முடங்க, மோரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்களும் உலகப்போர்க்கால வில்லிஸ் வகை ஜீப்புகளும் மதிப்புப் பெற்றன. காரணம் எஞ்சினின் அமைப்பு. வில்லிஸ் ஜீப்பின் அமுக்க விகிதம் 6.48க்கு 1 மாத்திரமே. அழுத்தம் அதிகமான புதிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்து 'தட்டும்', பழையவை பொறுத்துக்கொள்ளும்.

பொறுத்துக்கொண்டாலும் அவற்றுக்குச் சூடு தேவைப்பட்டது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இது புதிய உபாயமன்று. 1917இல் ஹென்றி ஃபோர்ட் உற்பத்தியைத் தொடங்கிய ஃபோர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியதே. அங்கு தொழிற்சாலை வடிவமைத்துக் கொடுத்ததை, இங்கு தடை கற்பித்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் புதுக்குடியிருப்புப் பகுதியில் ஒரு கராஜில் பழைய ஜீப் ஒன்றுக்குப் புகைக்குழாய் மாற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி எரிந்த மண்ணெண்ணெயும் கரியும் படிந்து சைலன்சர் அடைபட்டிருந்தது. புகை வெளியேற வழியின்றேல் எஞ்சின் இழுவையை இழக்கும். குழாயை இடைநடுவில் வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். "தம்பி, சத்தத்தை விடுங்கோ. புகை சீற்றுக்குக் கீழ வந்தால் உள்ள இருக்கிற சனம் மயங்கிப்போம்" என்றார் அந்த மேசன். எஞ்சினோடு பொருந்தும் மனிபோல்டை மட்டும் அவர் மாற்றவேயில்லை. உள்ளே செல்லும் எரிபொருளைச் சூடாக்குவது அதுவே. அது போனால் மண்ணெண்ணெய் ஓட்டமும் போய்விடும் என்றார்.

கடையில் வாங்கப் புதிய குழாய் இல்லை. கைவிடப்பட்ட லொறியொன்றின் குழாயை வெட்டியெடுத்து, அதனுள் மணலை இறுக்கி நிரப்பி, கரிநெருப்பில் பழுக்கவைத்து வளைத்தார். மணல் நிரப்பாவிடின் வளைவில் குழாய் நசுங்கிவிடும். துளையிட்ட குழாயைச் சுற்றித் தகரம் சுருட்டிச் சைலன்சர் செய்தார். எஞ்சின் அதிர்வில் குழாய் முறியாதிருக்கப் பழைய ரயரை வெட்டித் தொங்குபட்டி அமைத்தார். மாரிகாலத்தில் வெள்ளம் நிற்கும் காட்டுப்பாதைகளை எண்ணிக் குழாயின் வாயை உயர்த்திவிட்டார்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வந்தன. அந்தத் திறமைக்கான தேவை குறைந்தது. 2009இல் மக்கள் விட்டுச்சென்ற வாகனங்கள் முள்ளிவாய்க்கால் மணலில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்ததைப் படங்களில் உலகம் கண்டது. 2022இல் முழு இலங்கையும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, வடக்கின் முதியவர்களுக்கு அது முன்னரே வாழ்ந்து கடந்த காலமாக இருந்தது.

தடையை நான் பெருமைப்படுத்தவில்லை. மருந்துக்கும் வெளிச்சத்துக்கும் மக்கள் பட்ட துயரை எந்தக் கைத்திறனும் ஈடுசெய்யாது. ஆனால் அத்துயரின் நடுவே ஒரு சமூகம் எதை அறிந்திருந்தது என்பதும் வரலாறுதான். அந்தக் கராஜ்களில் வேலை பழகிய பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாழ்கின்றனர். அவர்களுள் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், செய்ததைச் செய்தவாறே எழுதிவையுங்கள். எழுத நேரமில்லையெனில், உங்கள் பிள்ளைகளிடமாவது சொல்லிவையுங்கள்.