தொண்ணூறாம் நம்பர் எண்ணெய்: தில்லிச் சாலைகளில் கியர்ப் பெட்டியின் வரலாறு

‘தொண்ணூறாம் நம்பர் எண்ணெய்’ என்பது இந்திய வாகனப் பட்டறைகளின் பொதுச்சொல். கியர்ப் பெட்டிக்கு ஊற்றுவது எதுவாயினும் அதற்கு அதுவே பெயர். இந்த எண் எங்கிருந்து வந்தது, எந்த இயந்திரத்துக்காக வந்தது, இயந்திரம் மாறிய பிறகும் அது ஏன் நிலைத்தது என்னும் கேள்விகள் தொழில்நுட்ப வரலாற்றுக்கு உரியவை. கண்டுபிடிப்பை மட்டும் பேசும் வரலாறு பயன்பாட்டையும் பராமரிப்பையும் காணத் தவறுகிறது என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி ஆகியவற்றின் வழியே இந்திய நவீனத்தை டேவிட் ஆர்னால்ட் 2013இல் எழுதினார். கியர்ப் பெட்டிக்குள் ஊற்றப்படும் இரண்டு லிட்டர் எண்ணெயும் அத்தகையதொரு வாசிப்புக்கு இடந்தருகிறது. அவ்வாசிப்புக்குத் தலைநகர் தில்லி பொருத்தமான களம்.

முதலில் எண்ணைப் பற்றிய ஒரு தெளிவு தேவை. எண்ணெயின் பாகுத்தன்மையை வகைப்படுத்துவது அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் கழகம். எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோலும் கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோலும் அக்கழகம் வகுத்தது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளாதிருக்கும்பொருட்டே இரண்டின் எண்களும் விலகி அமைந்தன. இன்றைய வரையறைப்படி 100 பாகை செல்சியசில் 90ஆம் எண் கியர் எண்ணெயின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. அதே வெப்பநிலையில் 40ஆம் எண் எஞ்சின் எண்ணெய்க்கு அது 12.5 முதல் 16.3 வரை, 50ஆம் எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஆகவே தொண்ணூறு என்பது நாற்பதைவிட இரு மடங்கு கெட்டியானது என்ற எண்ணம் பிழையானது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பாகுத்தன்மை உடையவை. குழப்பத்தைத் தவிர்க்க வகுக்கப்பட்ட எண்முறையே வேறொரு குழப்பத்துக்கு வித்திட்டது.

பாகுத்தன்மை பாதிக் கதைதான். மறுபாதி எண்ணெயில் கலக்கப்படும் வேதிப்பொருள்களைப் பற்றியது. அதன் தொடக்கம் 1920களின் அமெரிக்காவில் இருக்கிறது. 1926இல் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களின் பின் அச்சில் ‘ஹைபாய்டு’ பற்சக்கரங்களைப் பொருத்தியது. எஞ்சினிலிருந்து வரும் தண்டைச் சக்கர அச்சின் மையக்கோட்டுக்குக் கீழே இறக்கி இணைக்கும் அமைப்பு அது. தண்டு தாழ்ந்ததால் காரின் தளமும் தாழ்ந்தது. ஓட்டமும் ஓசையின்றி அமைந்தது. ஆனால் இவ்வமைப்பில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. வெறும் கனிம எண்ணெயின் படலம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவே கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்கள் எண்ணெயில் சேர்க்கப்பட்டன. பற்கள் உரசிச் சூடேறும் புள்ளிகளில் இவை எஃகோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன; எஃகுக்குப் பதிலாக அப்படலம் தேய்கிறது.

ஈராண்டு கழித்து, 1928இல், காடிலாக் நிறுவனம் ‘சிங்க்ரோமெஷ்’ கியர்ப் பெட்டியை அறிமுகம் செய்தது. கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் பணியை அதில் ஒரு கூம்பு வளையம் ஏற்றது. பெரும்பாலும் பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆன அந்த வளையம் உராய்வினால் மட்டுமே வேலை செய்கிறது. இங்கேதான் முரண் தோன்றியது. பின் அச்சுக்கு உராய்வை இயன்றவரை குறைக்கும் எண்ணெய் தேவை. சிங்க்ரோ வளையத்துக்கோ ஓரளவு உராய்வை விட்டுவைக்கும் எண்ணெய் தேவை. எஃகைக் காக்கும் கந்தகம் வெப்பம் மிகும்போது செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் வல்லது. ஒரே காரின் இரு பெட்டிகள் ஒன்றற்கொன்று எதிரான குணங்களை வேண்டின.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஜி.எல். வகைப்பாடு இம்முரணை ஒழுங்குபடுத்தியது. ஜி.எல்.1 சேர்மங்கள் இல்லாத எண்ணெய். ஜி.எல்.4 மிதமான அளவில் சேர்மம் கொண்டது. கடும் ஹைபாய்டு அச்சுகளுக்கான ஜி.எல்.5இன் அடிப்படை, அமெரிக்க இராணுவம் 1962இல் வெளியிட்ட எம்.ஐ.எல்.-எல்-2105பி என்னும் விவரக்குறிப்பு. ஜி.எல்.4இல் உள்ள சேர்மத்தின் அளவு ஜி.எல்.5இல் உள்ளதில் ஏறத்தாழ பாதி. எஞ்சின் எண்ணெயின் தர வரிசையில் பின்னால் வரும் எழுத்து, பெரும்பாலும், முன்னதைவிட மேம்பட்டதைக் குறிக்கும். கியர் எண்ணெயின் எண்வரிசைக்கு அந்தப் பொருள் இல்லை. நான்கும் ஐந்தும் வெவ்வேறு உறுப்புகளுக்கான மருந்துகள்.

இனித் தில்லிக்கு வரலாம். 1950களின் இறுதி முதல் 1980களின் தொடக்கம் வரை தலைநகரின் சாலைகளை ஆண்டவை முதன்மையாக இரு கார்கள்: உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய அம்பாசடர், பம்பாயின் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட் 1100, பின்னாளில் பத்மினி. இரண்டிலும் எஞ்சின் முன்னால். இழுவை பின் சக்கரங்களில். கியர்ப் பெட்டி ஒன்று, ஹைபாய்டு பின் அச்சு வேறொன்று என இரண்டு உறைகள். எண்ணெய் ஊற்றும் துளைகளும் இரண்டு. அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவமைப்பில் முதல் கியருக்குச் சிங்க்ரோ வளையமே கிடையாது. பின் அச்சின் உறுமலே பட்டறைக்கு வரும் முறையீடுகளில் முதன்மையானது என்னும் நிலையில், கெட்டியான, காரநெடி வீசும் எண்ணெயே நல்ல எண்ணெய் என்ற அறிவு பட்டறையில் உருவானது இயல்பே. அந்த வாகனங்களுக்கு அந்த அறிவு பொய்யுமன்று. உஸ்தாதிடமிருந்து சாகிர்துக்குக் கைவழியாகவும் மூக்குவழியாகவும் அது கடத்தப்பட்டது.

அக்காலத்தில் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் குறைவு. எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசுடைமையாயின. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் ‘சர்வோ’ வணிகப் பெயரை 1972இல் தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியை ஒட்டிய ஃபரிதாபாதில் அதன் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. கியர் எண்ணெய்க்கான இந்தியத் தர வரையறை, பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் உள்ள மானக் பவனைத் தலைமையகமாகக் கொண்ட தர நிறுவனத்திடமிருந்து வந்தது. வரையறை எழுதப்பட்ட இடமும், எண்ணெய் ஆராயப்பட்ட இடமும், காஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்தையும் ஒரே மாநகர வட்டாரத்துக்குள் இருந்தன. ஆயினும் வரையறையின் மொழியும் சந்தையின் மொழியும் ஒன்றாகவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று குர்கான் ஆலையின் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையளித்தார். அந்நிகழ்வு நடுத்தர வர்க்கத்தின் எழுச்சியாக, அரசு–தனியார் கூட்டின் தொடக்கமாகப் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. காரின் அடிவயிற்றில் நிகழ்ந்த மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. மாருதி 800இல் எஞ்சின் குறுக்காகக் கிடந்தது. இழுவை முன் சக்கரங்களில் இருந்தது. தண்டைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டிய தேவை அற்றுப்போனதால் ஹைபாய்டு பற்சக்கரமும் தேவையற்றுப்போனது. கியர்ப் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் சாய்பற் சக்கரங்களோடு அமைந்தன. இரண்டு எண்ணெய்கள் ஒன்றாயின. அந்த ஒன்று சிங்க்ரோ வளையத்துக்கு இணக்கமான ஜி.எல்.4. கடும் சேர்மம் கொண்ட எண்ணெயைக் கேட்ட உறுப்பே காரிலிருந்து மறைந்துவிட்டது. அந்த எண்ணெயைப் பற்றிய மதிப்பு மட்டும் மறையவில்லை.

அதே குர்கான் ஆலையிலிருந்து 1984இல் வந்த மாருதி வேன் பின் சக்கர இழுவை கொண்டது. 1985இல் வந்த ஜிப்சி நான்கு சக்கர இழுவை கொண்டது. ஒரே நிறுவனச் சின்னம் தாங்கிய மூன்று வாகனங்கள் மூன்று வகையான ஏற்பாடுகளை வேண்டின. 1998இல் கிரேட்டர் நொய்டா ஆலையிலிருந்து வந்த ஹோண்டா சிட்டி இன்னும் ஒரு படி சென்றது. ஹோண்டாவின் கியர்ப் பெட்டிகள் வழக்கமான கியர் எண்ணெயையே ஏற்பதில்லை. அவற்றுக்கு நிறுவனத்தின் தனித் திரவம் உண்டு. அது கிடைக்காதபோது தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் எண்ணெயை ஊற்றலாம் என்பதே அந்நிறுவனக் கையேடுகளின் அறிவுரை. நாசியால் தரம் அறியும் மரபுக்கு மணமற்ற, நீர்த்த இத்திரவம் எண்ணெயாகவே தோன்றியிராது.

1990களின் தொடக்கத்தில் மசகெண்ணெய்ச் சந்தை தாராளமயமானது. அயல்நாட்டு நிறுவனங்கள் திரும்பி வந்தன. டப்பாக்களும் பெயர்களும் பெருகின. பெருகிய சந்தையில் பெரிய எண் உயர்ந்த தரத்தின் அடையாளமாக வாசிக்கப்படுவது எளிது. ஐந்து நான்கைவிட மேல். தொண்ணூறு எண்பதைவிட மேல். இந்த வாசிப்பின் விலை உடனே தெரிவதில்லை. உராய்வு குறைந்த எண்ணெயில் வளையம் வேகத்தைச் சமன்செய்யத் தாமதிக்கிறது. கியர் விழும்போது பற்கள் உரசுகின்றன. தேவைக்கு மிஞ்சிய கெட்டி எண்ணெய், தில்லியின் சனவரிக் காலையில் வெப்பம் 4 பாகைக்கு இறங்கும்போது, இரண்டாம் கியரை முரட்டுத்தனமாக்குகிறது. ஓட்டுநர் கிளச்சைக் குறை சொல்கிறார், கிளச்சு மாற்றப்படுகிறது, குறை நீடிக்கிறது. எதிர்த்திசைப் பிழையும் உண்டு: ஹைபாய்டு பின் அச்சில் ஜி.எல்.4 ஊற்றினால் பற்கள் தேய்ந்து அழியும். இன்றைய ஜி.எல்.5 எண்ணெய்கள் பலவற்றில் செம்பைக் காக்கும் சேர்மங்களும் உள்ளன என்பதால் அரிப்பு அச்சம் முன்போல் இல்லை. உராய்வுச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

எனவே சரியான திரவத்தைத் தேர்வது என்பது மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது. இந்த உறைக்குள் ஹைபாய்டு பற்சக்கரம் இருக்கிறதா? சிங்க்ரோ வளையம் எந்த உலோகத்தால் ஆனது? வடிவமைத்தவர் எந்தப் பாகுத்தன்மையைக் கணக்கிட்டார்? மூன்றுக்குமான விடை காரோடு வரும் கையேட்டில் சில வரிகளில் அடங்கியிருக்கிறது. கையேடு உரிமையாளருக்கு எழுதப்பட்டது; எண்ணெய் மாற்றுபவரோ மெக்கானிக். வாசிக்கக் கூடியவர் வாசிக்கவில்லை. தேவைப்பட்டவர் கைக்கு அது எட்டவில்லை. பட்டறையின் ‘அறியாமை’ என்று கூறப்படுவதில் பெரும்பகுதி இந்த விநியோகக் குறைபாடே.

2014ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் கூர்முனை. அவ்வாண்டு சனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதத்தில் அம்பாசடரும் நின்றது. இடையே பிப்ரவரியில், கிரேட்டர் நொய்டா வாகனக் கண்காட்சியில், கிளச்சு மிதியற்ற செலேரியோ அறிமுகமானது. ஓட்டுபவருக்கு அது தானியங்கிக் கார். உள்ளே இருப்பதோ வழக்கமான கைமுறைக் கியர்ப் பெட்டி. கிளச்சை அழுத்துவதும் கியரை நகர்த்துவதும் மட்டும் இயந்திரத்தின் பொறுப்பு. அதற்கு வேண்டியது கைமுறைப் பெட்டிக்கான எண்ணெய். நகர்த்தும் பொறிக்கு வேறொரு திரவம். ‘ஆட்டோமேட்டிக்’ என்னும் பெயரை நம்பித் தானியங்கிப் பெட்டிக்கான திரவத்தை ஊற்றினால் அது புதிய காலத்தின் தொண்ணூறாம் நம்பர்ப் பிழையாகிவிடும்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளும், 2018இல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்ததும் தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் தடை கொணர்ந்தன. அத்தகைய கார்கள் பல தடையின்மைச் சான்றோடு பிற மாநிலங்களின் சிறு நகரங்களுக்குச் செல்கின்றன. அங்கே அவற்றை வாங்குபவர் மூன்றாவது அல்லது நான்காவது உரிமையாளர். கியர்ப் பெட்டி பழுதானால் செலவைத் தாங்கும் வலு மிகக் குறைந்தவர். அவரிடம் கார் வந்து சேர்கிறது. கையேடு பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. எண்ணெய் வகையை உறையின் துளைக்கருகில், அந்தந்த வட்டார மொழியில், அழியாமல் பொறித்துவைப்பது உற்பத்தியாளருக்குச் சில காசுச் செலவு. மானக் பவனில் வரையறை எழுதுவோர் கருத வேண்டிய முதல் வாசகர் அந்த நான்காவது உரிமையாளரின் மெக்கானிக்.