மூன்று நிமிடம்

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன தை மாதம் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மலையடிவாரத்தில் ஒரு விடுதி. சனி, ஞாயிறு இரண்டு நாள். முதலில் சவுனா என்கிற வெப்ப அறை, அப்புறம் ஐஸ் தொட்டி, அப்புறம் ஓய்வு, அப்புறம் மறுபடியும் வெப்ப அறை.

"மாப்ளே, சித்திரையில விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுல நின்னாலே வேர்த்து ஊத்தும். இதுக்குப் போய்க் காசு குடுக்கணுமாடா?" என்றேன்.

"அந்த வேர்வை வேற மாமா, இது வேற. சும்மா வாங்க."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அறைக்கு வெளியே இருந்த முள் 85 டிகிரி காட்டியது. கரிசல் காட்டு வெயில் 40, 41-க்கு மேல் அபூர்வமாகத்தான் போகும். ஆனாலும் அந்த மர அறைக்குள் காற்று உலர்ந்திருந்ததால் உட்கார முடிந்தது. அடுப்பின் மேல் கிடந்த கற்களில் ஒருவர் அகப்பையால் தண்ணீர் ஊற்றியதும் ஆவி முகத்தில் அறைந்தது. எனக்கு அம்மாச்சியின் ஞாபகம் வந்தது. சளி, மேல்வலி என்றால் அவள் நொச்சித் தழையைக் கொதிக்க வைத்துக் கம்பளிக்குள் நம்மை உட்கார்த்தி வேது பிடிக்க வைப்பாள். ஆவி குறைந்தால் அடுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்துப் பானைக்குள் போடுவாள். சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருந்துகளில் வேதுவும் ஒன்று. ஃபின்லாந்துக்காரர்கள் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினார்கள், அம்மாச்சி தண்ணீருக்குள் கல்லைப் போட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அதற்கு அடுத்த படியில் இரண்டும் பிரிந்துவிடும். வேது பிடித்த பிள்ளை மேல் காற்றுப் படக் கூடாது. துடைத்து, போர்த்தி, மூலையில் படுக்க வைப்பாள். வேர்த்த உடம்போடு பச்சைத் தண்ணியைத் தொட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது அவள் தீர்மானம். இங்கேயோ வேர்க்க வேர்க்க வெளியே வந்து ஐஸ் மிதக்கும் தொட்டிக்குள் இறங்கச் சொன்னார்கள். மேற்பார்வைக்கு நின்ற பையன் கையில் கடிகாரம் வைத்திருந்தான்.

"மூணு நிமிஷம் சார். முதல் முப்பது செகண்டுதான் கஷ்டம்."

மூணு நிமிஷம் என்றதும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது.

ஐஸ் நம் பக்கம் வந்த கதை விசித்திரமானது. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்ததை அறுத்தெடுத்த கட்டிகள். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் 100 டன்னுக்குப் பக்கம் மிஞ்சியது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே ஒரு கிட்டங்கி கட்டினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். பிற்பாடு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்க ஏரியின் ஐஸ் சென்னையில் வெயிலைத் தாங்கியது மரத்தூளால். எங்கள் சிறு வயதில் கல்யாண வீட்டுக்குக் கோவில்பட்டியிலிருந்து வரும் ஐஸ் பாளமும் சாக்குக்குள் உமி போட்டுச் சுற்றித்தான் வரும். நூற்றிச்சொச்சம் வருஷத்துக்குப் பிறகும் அதே உத்தி.

குளிர்ந்த தண்ணீரை மருந்தாக்கியவர்கள் வேறு ஆட்கள். லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி காய்ச்சல்காரர்கள் மேல் குளிர்ந்த நீரை ஊற்றிப் பார்த்து 1797-இல் புத்தகம் போட்டார். சைலீசியாவில் கிராஃபென்பெர்க் என்ற மலைக் கிராமத்தில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி ஈரத்துணிக் கட்டு, ஊற்றுநீர்க் குளியல் என்று ஒரு வைத்தியத்தையே உருவாக்கினார். படிப்பறிவு குறைந்த அந்த மனிதரைத் தேடி ஐரோப்பாவின் பிரபுக்களெல்லாம் மலை ஏறினார்கள். 1861-இல் ஸ்டெட்டின் நகர மருத்துவர் எர்ன்ஸ்ட் பிராண்ட் டைபாய்டு நோயாளிகளைக் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிகளே அதைச் செய்தன. வேறு மருந்து கிடையாது என்பதுதான் முக்கியமான காரணம்.

நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தவர் லைப்சிக் நகரத்து லூயி கூனே. அவருடைய முறை கிட்டத்தட்ட இந்த விடுதியின் முறைதான். கொதிநீர்ப் பானைகளுக்கு மேலே உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து, போர்வையால் மூடி வேர்க்க வைப்பார். பிறகு குளிர்ந்த நீரில் இடுப்புக் குளியல். அவர் புத்தகம் 1894-லேயே தெலுங்கில் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை கே.லட்சுமண சர்மா இயற்கை மருத்துவத்துக்காகவே வாழ்ந்தார். ரமணரின் அணுக்கர், 'யார்' என்று பொருள்படும் 'ஹூ' என்ற புனைபெயரில் 'மகா யோகம்' எழுதியவர் அவரேதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடந்தது. இந்த வைத்தியம் வேர்விட்ட இடங்களைப் பார்த்தால் ஊற்றும் ஆறும் இருக்கும். குடத்துத் தண்ணிக்கு மைல் கணக்கில் நடந்த கரிசலுக்குள் இது எப்படி வந்தது?

எங்கள் வீட்டுக்கு ஒரு புத்தகத்தின் வழியாக வந்தது.

அய்யா விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். கதர்தான் கட்டுவார். 1969, காந்தி நூற்றாண்டு. சத்திய சோதனையை அந்த வருஷம் மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் 1902-இல் பம்பாயில் நடந்த ஒரு சம்பவம் வரும். காந்தியின் இரண்டாவது மகன் மணிலால், பத்து வயதுப் பையன், டைபாய்டில் கிடக்கிறான். கூடவே நிமோனியா. ராத்திரியில் பிதற்றல். பார்சி டாக்டர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொல்கிறார். காந்தி மறுக்கிறார். பையனிடமும் கேட்கிறார், அவனும் வேண்டாம் என்கிறான். கூனே முறைப்படி இடுப்புக் குளியல் கொடுக்கிறார், ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை. ஆரஞ்சுச் சாறு மட்டும் ஆகாரம். காய்ச்சல் 104-இல் நிற்கிறது. கடைசியில் ஈரத்துணியில் பையனைச் சுற்றிப் போர்த்திவிட்டு, தாங்க முடியாமல் சௌபாத்திக் கடற்கரைக்கு நடந்து போகிறார். திரும்பி வரும்போது பையனுக்கு வேர்த்திருக்கிறது. பிழைத்துக்கொள்கிறான்.

என் தங்கச்சிக்கு அப்போது ஆறு வயசு. எனக்கு ஒன்பது. ஐப்பசிக்கு முன்னால் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. ஊருணித் தண்ணி கலங்கிக் கிடந்த நேரம். அய்யா ஏற்கெனவே கோவில்பட்டித் தகரப் பட்டறையில் இடுப்புக் குளியலுக்கென்று ஒரு தொட்டி செய்து வைத்திருந்தார். அதில் தங்கச்சியை உட்கார வைத்தார். நான்தான் தண்ணி ஊற்றினேன். அம்மா அவ்வளவு தண்ணிக்கு ரெண்டு மைல் நடந்தாள். அய்யா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "மூணு நிமிசம், தாயி. எண்ணிக்கிட்டே இரு, முடிஞ்சிரும்" என்பார். அவளுக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள்.

நான்காம் நாள் ராத்திரி ஈரத்துணியில் சுற்றினார். அன்றைக்கு விடியுமுன்னே அவள் போய்விட்டாள்.

அய்யா அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. காந்தியையும் விடவில்லை, கதரையும் விடவில்லை. தொட்டியை மட்டும் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போட்டார். ரொம்ப வருஷம் மாட்டுக்கு அது கழனித் தொட்டியாக இருந்தது.

பின்னாளில் நானும் வாத்தியார் ஆகி, வரலாறு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். கோபத்தோடுதான் படித்தேன். ஆனால் அதில் நான் அதுவரை கவனிக்காத ஒன்று இருந்தது. மருந்தால் பெரிய பலன் இருக்காது என்று அந்த டாக்டரே சொல்லுகிறார். 1902-இல் டைபாய்டுக்கு மருந்தே இல்லை. குளோரம்ஃபெனிகால் அந்த நோய்க்குக் கேட்கும் என்று தெரிந்தது 1948-இல். ஆக, காந்தி ஒதுக்கியது முட்டையையும் கோழிச் சாற்றையும்தான். அவர் கைக்கொண்ட குளிர்நீர் முறையோ அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களே செய்துகொண்டிருந்தது. மகன் பிழைத்தது கடவுளாலா, நீர் சிகிச்சையாலா, பத்தியத்தாலா, பணிவிடையாலா என்ற கேள்வியையும் அவர் திறந்தே வைத்துவிட்டார்.

1969-இல் குளோரம்ஃபெனிகால் இருந்தது. பஸ் ஏறினால் மருந்துக் கடையில் கிடைக்கும் தூரத்தில் இருந்தது. அய்யா காந்தி எடுத்த அதே முடிவைத்தான் எடுத்தார். ஆனால் நடுவில் 67 வருஷம் ஓடியிருந்தது. அந்த 67 வருஷத்தில் என்ன மாறியது என்று புத்தகத்தில் போட்டிருக்காது. இன்னொன்றும் உண்டு. மணிலால் பிழைத்ததால்தான் அந்தக் கதை நமக்குக் கிடைத்தது. ஈரத்துணிக்குள் அடங்கிப்போன பிள்ளைகளின் தகப்பன்மார் எவரும் அதை எழுதவில்லை. என் அய்யாவும் எழுதவில்லை.

விடுதியில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார்கள். ஆராய்ச்சி இருக்கிறது, உண்மைதான். கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது வருஷம் கவனித்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். வாரத்தில் நான்கு முதல் ஏழு தடவை சவுனாவுக்குப் போனவர்களிடம் திடீர் மாரடைப்புச் சாவு குறைவாக இருந்தது. ஆனால் சவுனாவால் நெஞ்சு நன்றாக இருந்ததா, நெஞ்சு நன்றாக இருந்தவர்கள் அடிக்கடி சவுனாவுக்குப் போனார்களா என்பதை அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் ஆவி பிடிக்கக் குழாய் வைத்தார்கள். அது தொற்றைப் பரப்பும், வேண்டாம் என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. அம்மாச்சியின் வேது ஒரு பிள்ளைக்கு, ஒரு கம்பளிக்குள். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது அது வேறு ஒன்றாகிவிட்டது.

ஐஸ் தொட்டியில் கழுத்து வரைக்கும் இறங்கினேன். மூச்சு என் வசத்தில் இல்லை. திடீர்க் குளிரில் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். நெஞ்சில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தே அந்த முதல் நிமிடத்தில்தான். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாற்பது வந்ததும் எழுந்துவிட்டேன். கால் நடுங்கியது. மருமகன் ஓடி வந்து துண்டைப் போர்த்தினான்.

"என்ன மாமா, நாற்பது செகண்டுதான் ஆகுது. முடியலையா?"

"முடியலடா."

அவனுக்கு அப்படி ஒரு சித்தி இருந்தாள் என்று தெரியாது. அக்காவும் சொன்னதில்லை போல. ராத்திரி அறையில் அவன் போர்வையை இழுத்து எனக்கு மூடிவிட்டுப் படுத்தபோது சொன்னேன். தொட்டியைப் பற்றி, அய்யாவின் கடிகாரத்தைப் பற்றி, நூறு வரைக்கும் மட்டும் எண்ணத் தெரிந்ததைப் பற்றி. ரொம்ப நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

"தாத்தா மேல கோவமா மாமா உங்களுக்கு?"

"அப்போ இருந்துச்சு. இப்போ அவரு வயசத் தாண்டிட்டேன். பிள்ளய சாகவிட்டவருனு சொல்ல வாய் வரல. பிள்ளயக் காப்பாத்தத்தான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. பழைய கணக்க வச்சுக்கிட்டுப் புதுசாப் பாக்காம விட்டுட்டாரு."

"பேரு என்ன மாமா?"

சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி.