இயக்கர்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

பேய், பூதம், பிசாசு முதலிய சொற்களை மூடநம்பிக்கையின் எச்சங்கள் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமூகம் எவரை அஞ்சியது, எவரை ஒதுக்கியது என்பதற்கு அச்சொற்களே சான்று பகர்வன. ‘இயக்கர்’ என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வடமொழி ‘யக்ஷ’, பாளி ‘யக்க’ என்பவற்றோடு தொடர்புடைய இச்சொல் தொடக்கத்தில் தீமையைக் குறித்ததன்று. வேத இலக்கியத்தில் அது வியத்தகு பொருளைச் சுட்டியது. புராண மரபில் இயக்கர் குபேரனின் செல்வங் காப்போர். புறநானூற்றின் 71ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தன் நண்பருள் ஒருவனாக இயக்கன் என்பானைக் குறிப்பிடுகின்றான். பாடியவன் பெயரிலேயே ‘பூதம்’ நிற்றலும் கருதத்தக்கது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சி மாதரி மதுரைப் புறத்தே இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீள்கின்றாள்.

இச்சொல் எவ்வாறு இழிந்தது? கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சம் இதற்கு விடை தருகின்றது. புத்தர் தம் முதல் வருகையில் மகியங்கனையில் இயக்கரை அச்சுறுத்திக் கிரிதீபத்துக்கு அகற்றினார் என்றும், இரண்டாம் வருகையில், மணியாசனத்துக்காகப் பொருத நாக அரசர் மகோதரன், சூளோதரன் இருவரையும் நாகதீபத்தில் இணக்கினார் என்றும் அந்நூல் கூறும். நாகதீபம் என்ற பெயர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வழங்கிற்று. பௌத்த வழிபாட்டு மரபு அவ்விடத்தை நயினாதீவிலே காண்கின்றது. சமயத்தை ஏற்ற நாகரின் பெயர் மதிப்புப் பெற்றது. இயக்கர் நிலத்தை இழந்தனர். அவர் பெயரும் இழிந்தது.

இயக்கர் வரலாற்று மாந்தரென்று இக்கதை கொண்டு நிறுவுதல் இயலாது. ஆயினும், அதே நூலில் விசயனின் ஆட்கள் காணும் இயக்கி குவேனி மரத்தடியிலிருந்து நூல் நூற்கின்றாள். அவளினத்தார்க்கு நகரும் திருமண விழாவும் உண்டு. பேய்க்கு நூற்புத்தொழில் எதற்கு? பேயென இகழப்பட்டோரிடத்து உழைப்பும் சமூக அமைப்பும் இருந்தமையை, இகழ்ந்த நூலே தன்னை அறியாது காட்டிவிடுகின்றது. நிலத்தைக் கைக்கொள்வோர்க்கு, முன்னிருந்தோர் மனிதரல்லர் என்னும் கருத்தியல் பெரிதும் பயன்படுவது.

இன்று சிங்களத்தில் ‘யக்கா’ தீய ஆவி; பேயோட்டுஞ் சடங்கில் ஒலிக்கும் பெயர். தமிழகத்தின் தென்கோடியிலோ இயக்கி இசக்கியம்மனாகி, மகப்பேறு வேண்டுவோர் தொட்டில் கட்டும் தாயாகின்றாள். அநீதியாக இறந்த பெண்களும் அப்பெயரால் வணங்கப்படுகின்றனர். ஒடுக்கப்பட்டோர் நினைவு அச்சமாகவும் பக்தியாகவும் அங்கே எஞ்சியுள்ளது.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில் நிற்கின்றன. நாகர் பெயரை இரு மரபினரும் போற்றுகின்றனர். அந்நூலிலேயே நாகர்க்கு முன்னர்ப் பேசப்படும் இயக்கர்க்கு அப்பேறு வாய்த்திலது. எனவே, பேய் எது என்னும் வினாவினும், பேயென்று பெயரிட்டவர் யாவர், அதனால் அவர் பெற்ற நலன் யாது என்னும் வினாவே ஆய்வாளர் முதலில் எழுப்ப வேண்டியதாகும்.