பனையேறி மீனும் தரங்கம்பாடி டேனியரும்

பனையேறி அல்லது பனையேறிக் கெண்டை என்பது தமிழகத்தின் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் ஒரு நன்னீர் மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரியிலிருந்து சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களுக்குப் பாயும் வாய்க்கால்கள், கொள்ளிடக் கரையின் குட்டைகள் போன்ற நீர்நிலைகளே இந்த மீனுக்கு ஏற்ற இடங்கள். 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிதம்பரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், இந்த மீன் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக டேனிய அதிகாரி ஒருவர் எழுதினார். அந்தச் சிறு குறிப்பு ஐரோப்பிய விலங்கியலில் நூறாண்டுக்கும் மேலாக நீடித்த விவாதம் ஒன்றைத் தொடங்கி வைத்தது. மீன் உண்மையிலேயே பனை ஏறுமா என்பதே அந்த விவாதம்.

கடற்கரைச் சாலையில் அயல்நாட்டார்

1620ஆம் ஆண்டு தஞ்சை நாயக்கர் இரகுநாதருடன் செய்த உடன்படிக்கையின் மூலம் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றனர். அங்கே அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் உள்ளது. 1706இல் சீகன்பால்கு அங்கு வந்து சேர்ந்தபின் அவ்வூர் புராட்டஸ்டண்ட் சமயப் பணியின் மையமாகவும் ஆயிற்று. தரங்கம்பாடியிலிருந்து வடக்கே செல்பவர்கள் சீர்காழி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் சென்றனர். 1737 முதல் கடலூரிலும் இப்பணியின் கிளை ஒன்று இயங்கியது. கீர்னாண்டர் 1740 முதல் 1758 வரை அங்கே பணியாற்றினார்.

இந்தச் சமயப் பணியாளர்களில் சிலர் இயற்கையையும் கூர்ந்து கவனித்தவர்கள். 1768இல் மருத்துவராக வந்த கோனிக், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசிடம் படித்தவர். ராட்லர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய பயணத்தில் கண்ட செடிகொடிகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1803இல் ஜெர்மனியில் வெளியாயின. 1771இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், மீன்களையும் பாம்புகளையும் சிப்பிகளையும் சேகரித்தார். அவர் அனுப்பிய மீன்களைப் பெர்லினில் இருந்த மார்கஸ் பிளாக் விவரித்துப் பெயரிட்டார். கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜானின் நினைவாக ஜானியஸ் என்று பெயர் வைத்தவரும் பிளாக்கே. இருதலைமணியன் என்று நாம் அழைக்கும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் ஜானின் பெயர் இடம்பெற்றுள்ளது.

இவர்களுக்கு இந்நாட்டில் கண்ட உயிரினங்கள் பெரும்பாலும் புதியவை. ஊர் மக்களுக்கோ அவை அன்றாடம் காண்பவை. எனவே மீனவரும் உழவரும் சொன்ன பெயரும் செய்தியும் மாதிரிகளோடு சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போயின. பிளாக் 1793இல் பெயரிட்ட ஜானியஸ் கருட்டா என்ற மீனின் பெயரில், கருத்த என்ற தமிழ்ச் சொல்லை இன்றும் அடையாளம் காணலாம்.

டால்டோர்ஃப் கண்டது

டால்டோர்ஃப் டேனியக் கம்பெனியின் படையில் லெப்டினன்ட் பதவி வகித்தவர். பூச்சிகளைச் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டவர். குளக்கரையில் நின்ற ஒரு பனைமரத்தின் பட்டைப் பிளவிலிருந்து அந்த மீனைத் தம் கையாலேயே எடுத்ததாக அவர் எழுதினார். அப்போது அது நீர்மட்டத்திலிருந்து ஐந்து அடி உயரத்தில் இருந்தது. மேலும் ஏற முயன்றுகொண்டும் இருந்தது.

அது ஏறிய முறையையும் அவர் விவரித்தார். செவுள் மூடியின் முட்களைப் பட்டையில் ஊன்றிக்கொண்டு வாலை வளைத்தது. பிறகு அடிப்பக்கத் துடுப்பின் முட்களைப் பதித்து, தலைப்பக்கத்தை விடுவித்து முன்னேறியது. பிடித்த பிறகும் உலர்ந்த மணலில் அது நெடுநேரம் ஊர்ந்து திரிந்தது. இந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797இல் அச்சானது. மீனுக்கு அவர் இட்ட பெயர் பெர்கா ஸ்கேண்டன்ஸ். ஸ்கேண்டன்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு ஏறுவது என்று பொருள்.

டால்டோர்ஃப் குறிப்பிட்ட மாதம் கவனிக்கத்தக்கது. நவம்பர் இக்கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலம். குளங்கள் நிரம்பி வழியும், வயல்வெளி முழுவதும் நீர் ஓடும், மரங்களின் பட்டை ஊறியிருக்கும்.

ஜான் கேட்டது

ஜானும் இந்த மீனைப் பற்றிப் பெர்லினுக்கு எழுதினார். தமிழர் இதைப் பனையேறி என்று அழைப்பதையும், மழை பெய்யும்போது பனைமரத்தில் வழியும் நீரைப் பற்றிக்கொண்டு இது மேலே ஏறும் என்று சொல்லப்படுவதையும் அவர் தெரிவித்தார். இவ்வாறு ஒரே ஊரிலிருந்து இரண்டு சான்றுகள் கிடைத்தன. டால்டோர்ஃப் ஒரு நாள், ஒரு மரத்தில், ஒரு மீனைக் கண்டார். ஜான் தெரிவித்தது மக்கள் வழக்கில் இருந்த பெயரும் நம்பிக்கையும். பின்னால் எழுதியவர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, பனை ஏறுவது இந்த மீனின் இயல்பான பழக்கம் என்று எழுதினர்.

மரம் ஏறும் மீன் பற்றிய பேச்சு இதற்கும் பழமையானது. கி.பி. 851 அளவில் எழுதப்பட்ட அரபு வணிகர் குறிப்புகளில், கடலிலிருந்து வெளியேறித் தென்னையில் ஏறி அதன் சாற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும் மீன் ஒன்று குறிப்பிடப்படுகிறது. பனையேறி நன்னீரில் வாழ்வது என்பதால் இரண்டும் ஒன்றே என்று கூறுவதற்கில்லை.

நம்பியவரும் ஐயுற்றவரும்

பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே போன்றோர் இச்செய்தியை எச்சரிக்கையோடு அணுகினர். இந்தியாவில் நெடுங்காலம் இருந்த வேறு பலர் இம்மீன் தரையில் ஊர்வதைக் கண்டிருந்தாலும், மரம் ஏறியதைக் கண்டதில்லை. இலங்கையில் காவய்யா என்றும் வங்காளத்தில் கோய் என்றும் அழைக்கப்படும் மீன் இதுவே. அங்கும் தரையில் நகர்வது பற்றிய செய்திகளே மிகுதி. இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட், திருகோணமலைப் பகுதியில் மழைநீர் வழிந்தோடிய புல்மேட்டில் மீன்கள் மேல்நோக்கி ஊர்ந்து சென்றதை அங்கிருந்த அதிகாரி ஒருவரின் கடிதத்தைக் கொண்டு பதிவு செய்தார்.

சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டவர். பனையேறி போன்ற மீன்கள் நீரில் இருந்தாலும் மேற்பரப்புக்கு வந்து காற்றைப் பெற முடியாதபோது மூச்சுத் திணறுகின்றன என்பதை அவர் ஆராய்ந்து காட்டினார்.

இதற்குக் காரணம் இம்மீனின் உடலமைப்பு. செவுள்களுக்கு மேலே ஓர் அறையும், அதனுள் பல மடிப்புகள் கொண்ட ஓர் உறுப்பும் உள்ளன. அந்த மடிப்புகளில் ஓடும் இரத்தம் காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனைப் பெறுகிறது. ஈரம் காயாதவரை இம்மீன் நீருக்கு வெளியே பல மணிநேரம் உயிரோடு இருக்கும். குளம் வற்றும்போது வேறு நீர் தேடியும், மழைக்காலத்தில் புதுநீரை எதிர்த்தும் இது தரையில் நகரும். அப்போது செவுள் மூடிகளை விரித்து, அவற்றின் முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்துகிறது.

காக்கையும் பருந்தும்

1927இல் இந்திய விலங்கியலாளர் பி. கே. தாஸ், காற்றைச் சுவாசிக்கும் இந்திய மீன்களைப் பற்றிய தம் ஆய்வை லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். மரங்களில் காணப்படும் பனையேறி மீன்கள் தாமாக ஏறியவை அல்ல, காக்கையும் பருந்தும் கொத்திச் சென்று மரத்தில் விட்டவை என்பது அவர் அளித்த விளக்கம். மற்ற மீன்களாயின் விரைவில் இறந்துவிடும். பனையேறியோ உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும். அதைக் காண்பவர் அது ஏறி வந்ததாகவே எண்ணுவார். பாடநூல்கள் பலவும் இந்த விளக்கத்தையே ஏற்றுக்கொண்டன.

இந்த விளக்கம் டால்டோர்ஃபைப் பொய்யர் ஆக்கிவிடவில்லை. அவர் விவரித்த அசைவு, மீன் தரையில் ஊரும் முறையோடு நன்கு ஒத்துப்போகிறது. அந்த ஒரு மீன் குளத்திலிருந்து தானே ஏறியதா, பறவை விட்டுச் சென்றதா என்பதை இனி யாரும் உறுதி செய்ய இயலாது. ஆனால் ஒரு முறை கண்ட காட்சியைக் கொண்டு ஓர் இனத்தின் பழக்கத்தை முடிவு செய்ததே பிழை. அந்தப் பிழையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மீனைப் பார்க்காமல் நூலை மட்டும் படித்தவர்கள்.

தமிழ்ப் பெயருக்கும் இதே நியாயம் பொருந்தும். பனையேறி என்ற பெயரை வைத்தவர்கள் மழைக்காலத்தில் வரப்பிலும் மரத்தடியிலும் இம்மீனைக் கண்டு பழகியவர்கள். நீரை விட்டு வெளியேறி நடமாடும் மீன் என்ற அடிப்படை உண்மையை அப்பெயர் ஐரோப்பிய நூல்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. உயரத்தை மட்டும் சற்றுக் கூட்டிச் சொன்னது.

இன்று

தரங்கம்பாடி 1845இல் டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள், அலையாத்தி மர வேர்களுக்கிடையே சேற்றில் தாவித் திரியும் மீன்களைக் கண்டு இன்றும் வியக்கின்றனர். அவை பனையேறியோடு நெருங்கிய உறவில்லாத வேறு குடும்பத்து மீன்கள். பனையேறியைக் காணக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்து நீர் வழியும் வாய்க்கால் ஓரம் நின்றாலே போதும். அது இன்னும் அங்கே இருக்க வேண்டுமானால் அந்தக் குளமும் வாய்க்காலும் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும்.