கைந்நூலும் பதிப்பும்: மென்பொருள் ஆவண வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கருவியைப் படைப்போன் அதனைப் பயன்படுத்தும் முறையையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டவன். கருவி மாறாதிருக்கும்வரை இக்கடமை எளிது. உரலுக்கும் உலக்கைக்கும் கைந்நூல் தேவைப்படவில்லை. தையல் இயந்திரத்துக்கு ஒருமுறை எழுதிய கைந்நூல் அவ்வியந்திரம் துருப்பிடித்து ஒழியும்வரை போதுமானதாயிருந்தது. கணனிச் செய்நிரலோ அத்தகையதன்று. அது ஆண்டுக்கொரு முறையோ திங்களுக்கொரு முறையோ மாறுகின்றது. மாறிய பின்னரும் அதன் பழைய வடிவத்தையே நம்பியிருப்போர் பலர். எனவே, எந்தக் கைந்நூல் எந்தச் செய்நிரலுக்கு உரியது என்ற வினா மென்பொருளோடு உடன்பிறந்ததாகும். இவ்வினாவுக்குக் கடந்த அறுபது ஆண்டுகளிற் கூறப்பட்ட விடைகளை, தாளில் அமைந்த ஏடு தொடங்கி இன்றைய கொள்கலன் படிமம் வரை, நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு அறிவித்த 360 வரிசைக் கணனிகளுக்கான பணிசெயல் முறைமையை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் பிரெட்றிக் புறூக்ஸ் ஆவார். அவ்வனுபவத்தை அவர் 1975இல் நூலாக வெளியிட்டார். அதில் இடம்பெறும் ஒரு செய்தி நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. முறைமையின் விவரங்கள் யாவும் அடங்கிய பணியேடு ஒன்றினை ஒவ்வொரு செய்நிரலரும் வைத்திருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டிருந்தது. ஆறு திங்களுக்குள் அவ்வேடு ஐந்தடித் தடிப்புடையதாயிற்று. நியூயோர்க் நகரின் மன்ஹற்றன் பகுதியிலுள்ள அலுவலகத்தில் இருந்த நூறு பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், அவ்வலுவலகம் அமைந்திருந்த கட்டடத்தையே அவை விஞ்சியிருக்கும் என்கிறார் புறூக்ஸ். நாள்தோறும் ஏறத்தாழ நூற்றைம்பது புதிய பக்கங்கள் வந்துசேரும். பழைய பக்கத்தைக் கழற்றிப் புதியதைச் செருகுவதிலேயே வேலைநாளின் கணிசமான பகுதி கழிந்தது.

இதற்கு மாற்றாக நுண்படலத் தகடுகள் புகுத்தப்பட்டன. செலவும் இடமும் பெரிதும் மிஞ்சின. எனினும், ஒரு நட்டத்தையும் புறூக்ஸ் கூர்ந்து கண்டார். பக்கங்களைக் கையாற் செருகும் தொல்லை இருந்த காலத்தில், செருகுவோன் மாறியது யாதென ஒருமுறை பார்த்தே ஆகவேண்டியிருந்தது. தகடு வந்தபின் ஏட்டைப் புதுப்பித்தல் எளிதாயிற்று. மாற்றத்தைப் படிக்கவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. ஆதலின், மாறியவற்றை நிரற்படுத்திய தாள் ஒன்றும் தகட்டோடு உடன் வரல் வேண்டும் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆவண முறைகள் பலவற்றிலும் இச்சிக்கல் வெவ்வேறு கோலத்தில் தலைகாட்டுவதைக் காண்போம்.

இதே காலப்பகுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இதற்கு முற்றிலும் வேறான ஒரு மரபு தோன்றியது. கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையின் முதற் கைந்நூல் 1971 நவம்பர் 3ஆம் திகதியிடப்பட்டது. யுனிக்ஸின் பிறப்பே ஆவணத்தோடு பின்னிப்பிணைந்தது எனலாம். பெரிய கணனி ஒன்றினைப் பெறுவதற்கு அவர்கள் காட்டிய காரணம் உரையமைப்பு வேலையாகும். ஆய்வுகூடத்தின் ஆக்கவுரிமைப் பிரிவினரே தம் விண்ணப்பங்களைத் தயாரிப்பதற்கு அம்முறைமையை முதலிற் பயன்படுத்திய வெளியாரில் அடங்குவர். கைந்நூலும் அதே கணனியில், அதே உரையமைப்புச் செய்நிரலால் ஆக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதிவு. பதிவில், அறியப்பட்ட வழுக்களைக் கூறுவதற்கெனத் தனித்தலைப்பு. முதற் பதிப்பில் அக்கட்டளைக்கு உரியவர் யாரென்னுங் குறிப்பு. தன் குறையைத் தானே அச்சிற் கூறும் கைந்நூல் வணிக உலகில் அக்காலத்தும் அரிது, இக்காலத்தும் அரிது.

இவற்றினும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது பெயரிடும் முறையாகும். ஆய்வுகூட யுனிக்ஸின் வடிவங்கள் தமக்கெனத் தனி இலக்கம் பெறவில்லை. கைந்நூலின் பதிப்பு எதுவோ அதுவே முறைமையின் பெயருமாயிற்று. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு, 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு என்று இன்றும் வழங்குவன கைந்நூலின் பதிப்பெண்களே. நூலின் வெளியீட்டையும் மென்பொருளின் நிலையையும் ஆங்கிலம் இரு வேறு சொற்களாற் குறிக்க, தமிழ் இரண்டையும் பதிப்பு என்றே அழைக்கின்றது. கலைச்சொல் ஆக்குவோர் இதனை வறுமையாகக் கருதக்கூடும். யுனிக்ஸின் வரலாற்றைப் பொறுத்தவரை தமிழ் வழக்கே உண்மைக்கு நெருங்கியதாகும்.

மூலவுரையின் மாற்றங்களைக் காக்கும் கருவிகளும் அதே ஆய்வுகூடத்திலேயே 1972இல் தொடங்கின; 2005இல் லினஸ் தோர்வால்ட்ஸ் ஆக்கிய கிற் வரை அவை வளர்ந்த கதை தனியே எழுதப்படவேண்டியது. இங்கு நமக்கு வேண்டுவது, எழுத்து என்ன நிலையில் எந்நாளில் இருந்தது என்பதை மீட்டெடுக்கும் வழி பிறந்துவிட்டது என்பதே.

1991இல் டிம் பேர்னர்ஸ்-லீயின் உலகளாவிய வலை பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. அச்சு நூலுக்கு எவரும் திட்டமிடாத ஒரு நற்பண்பு உண்டு: புதிய பதிப்பு வந்தாலும் பழையது நூலக அடுக்கில் இருந்துகொண்டே இருக்கும். வலைப்பக்கமோ அதே முகவரியிற் புதிய உரையை ஏற்று, பழையதைச் சுவடின்றி விழுங்கிவிடுகின்றது. ஏட்டுச்சுவடிகளிற் பாடபேதம் மிகுந்து பதிப்பாசிரியரை வருத்தியது. வலையிலோ ஒப்புநோக்கப் பழைய பாடமே எஞ்சுவதில்லை. முகவரிகள் மாறாதிருத்தல் வேண்டுமெனப் பேர்னர்ஸ்-லீ 1998இல் எழுதியமை இதன் பின்னணியில் நோக்கத்தக்கது.

இதனால் விளைந்த இடரைப் பைதன் மொழியின் வரலாறு தெளிவாகக் காட்டும். 2008 டிசம்பரில் வெளிவந்த பைதன் 3, முந்திய இரண்டாம் வரிசையோடு முழுமையாக ஒத்துப்போகாத வகையில் ஆக்கப்பட்டது. திரையில் ஒரு சொல்லைக் காட்டும் மிக எளிய கட்டளைகூட இலக்கணம் மாறிற்று. இரண்டாம் வரிசையின் பக்கத்தைப் படித்து மூன்றாம் வரிசையில் எழுதிய மாணவன் முதல் வரியிலேயே வழுச்செய்தியைப் பெற்றான்; தவறு தன்னுடையதென்றே அவன் எண்ணியிருப்பான். ஆகவே, பதிப்பெண்ணை முகவரியிலேயே பொறிக்கும் வழக்கம் இன்றியமையாததாயிற்று. எண் குறியாத பழைய முகவரிகளை எவ்வரிசைக்கு அனுப்புவது என்பது பற்றி மட்டும் 2012இல் முறைப்படி ஒரு முன்மொழிவு எழுதப்பட்டது. உலகெங்கும் நூல்களிலும் குறிப்புகளிலும் பதிந்துவிட்ட முகவரிகளை முறிக்கலாகாது என்ற கவலையே அதன் உயிர்நாடி. இரண்டாம் வரிசைக்கான ஆதரவு 2020 சனவரி 1ஆம் திகதியோடு முடிவுற்றது.

பைதன் கைந்நூலுக்கெனக் கேயோர்க் பிறாண்டில் ஆக்கிய ஸ்பிங்ஸ் என்னுஞ் செய்நிரல் 2008இல் வெளியாயிற்று. எளிய உரையாக எழுதிய மூலத்தை வலைப்பக்கங்களாக அது மாற்றித்தரும். 2010இல் தொடங்கிய ரீட் த டொக்ஸ் என்னும் சேவை, ஒரு மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய பக்கங்களைத் தனித்தனியே கட்டி வெளியிடும் முறையைப் பரவலாக்கிற்று. மூலம் காக்கப்பட்டுவிட்டது, எனவே எந்தப் பதிப்பையும் வேண்டும்போது மீண்டும் கட்டலாம் என்றே பலரும் நம்பினர்.

நம்பிக்கை பொய்த்த இடம் இதுதான். மூலத்தைப் பக்கமாக்கும் செய்நிரலும் மென்பொருளே; அதுவும் மாறும். 2022 மார்ச்சில் ஜின்ஜா என்னும் வார்ப்புருச் செய்நிரலின் 3.1 பதிப்பு வெளிவந்தபோது, முன்னறிவித்திருந்தபடி சில பழைய உறுப்புகள் நீக்கப்பட்டன. ஸ்பிங்ஸின் பழைய பதிப்புகள் அவ்வுறுப்புகளை நம்பியிருந்தன. விளைவாக, ஓரெழுத்தேனும் மாற்றப்படாத ஆவணங்கள் ஒரே நாளிற் கட்டமுடியாதனவாயின. ஓலையும் எழுத்தாணியும் கைவசமிருக்க, எழுத்தை வாசிக்கும் கண் மாறிவிட்டதற்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்விடத்திற்றான் கொள்கலன் நுழைகின்றது. அதன் வேரும் யுனிக்ஸிலேயே உள்ளது. ஒரு செய்நிரலுக்கு வேர் அடைவாகத் தோன்றுவதை மாற்றியமைத்து, கோப்புத் தொகுதியின் ஒரு கிளையையே முழு உலகாக அதற்குக் காட்டும் கட்டளை, 1979இல் ஏழாம் பதிப்பு உருவான காலத்திற் பிறந்தது. 2000இல் பிறீ-பி.எஸ்.டி. முறைமையின் 'சிறை', 2008இல் லினக்ஸ் கருவிற் சேர்க்கப்பட்ட வளப்பங்கீட்டுக் குழுக்கள் எனப் படிப்படியாக வளர்ந்த இவ்வெண்ணம், 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ் அறிமுகஞ்செய்த டொக்கர் வாயிலாகவே பலர் கைக்கும் எட்டியது. டொக்கரின் தனிப்பங்கு படிமம் என்பதாகும். செய்நிரல், அது சார்ந்திருக்கும் பிற செய்நிரல்கள், கோப்புகள் யாவும் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஒரு பொதியே படிமம். அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் நீண்ட எண் ஒன்று அதனை அடையாளப்படுத்தும். உள்ளே ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும்.

ஆவணத் தளத்தை இம்முறையிற் கட்டுவோர் இரு கட்டங்களாகச் செயற்படுவர். முதற் படிமத்தில் ஸ்பிங்ஸ் போன்ற கட்டுமானக் கருவிகள், குறிக்கப்பட்ட பதிப்பிலேயே, வைக்கப்பட்டிருக்கும். அங்குக் கட்டி முடிந்த பக்கங்கள் மாத்திரம், சிறிய வலைச் சேவையகம் ஒன்றோடு, இரண்டாம் படிமத்துக்கு மாற்றப்படும். 2017இல் இவ்விரு கட்டங்களையும் ஒரே கட்டளைக் கோப்பில் எழுதும் வசதி டொக்கரிற் சேர்க்கப்பட்டது. இரண்டாவது படிமத்துக்குப் பதிப்பெண் சூட்டிக் களஞ்சியத்துக்கு அனுப்புவதே வெளியீடு ஆகும். டொக்கர் நிறுவனம் தன் சொந்த ஆவணங்களையே இவ்வாறு பேணியது: பழைய பதிப்பு ஒவ்வொன்றின் பக்கங்களும் தனிப்படிமமாக்கப்பட்டு, பொதுத்தளத்தைக் கட்டும்போது அப்படிமங்களிலிருந்து பிரதிசெய்யப்பட்டன. பழையதை மீண்டும் கட்டவேண்டிய தேவையே இவ்வாறு ஒழிந்தது. படிமத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் வாசிக்கலாம் என்பது நம் போன்ற நாட்டு மாணவர்க்குச் சிறிய நன்மையன்று.

ஆயினும், இம்முறையைக் குறையற்றதென்று கூறுதல் பொருந்தாது. படிமத்துக்கு இடப்படும் பெயர்ச்சீட்டு உள்ளடக்கத்தோடு ஒட்டிப்பிறந்ததன்று; அதே சீட்டை நாளை வேறொரு படிமத்தில் ஒட்டலாம். எதுவும் குறிப்பிடாதபோது தானே ஒட்டிக்கொள்ளும் 'அண்மையது' என்னுஞ் சீட்டு, அண்மையதையே குறிக்கவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. உறையவைக்கப்பட்ட படிமத்தில் நல்லுரையோடு பழைய சேவையகத்தின் பாதுகாப்பு ஓட்டைகளும் சேர்ந்தே உறைகின்றன. களஞ்சியத்தின் நிலைபேறும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. கட்டணமற்ற கணக்குகளில் ஆறு திங்களாகப் பயன்படாத படிமங்கள் நீக்கப்படும் என டொக்கர் நிறுவனம் 2020 ஓகஸ்ற்றில் அறிவித்தது. திட்டம் பின்னர் பிற்போடப்பட்டது. எவரும் தொடாத பழைய கைந்நூல்தான் அத்தகைய அறிவித்தலில் முதலில் அகப்படும். புறூக்ஸ் கண்ட நட்டமும் தீரவில்லை. ஒவ்வொரு பதிப்பும் முழுமையாக இருக்கின்றது; இரண்டுக்குமிடையில் மாறியது யாதென்பதை எவரேனும் தனியே எழுதிவைத்தாலன்றி வாசகன் அறியான்.

யுனிக்ஸின் முதற் பதிப்புக்கு நேர்ந்ததையும் இங்கே கூறவேண்டும். அதன் கருவின் மூலநிரல் காந்த நாடாவில் எஞ்சவில்லை. 1972 யூன் மாதத்தில் ஆய்வுகூடத்துக்குள்ளேயே ஆக்கப்பட்ட விளக்க ஆவணம் ஒன்றின் தாட்பிரதி எஞ்சியிருந்தது. மூலநிரல் அதில் அச்சிடப்பட்டிருந்தது. 2008இல் வொறன் ரூமி முதலியோர் அத்தாள்களை வருடியெடுத்து, எழுத்தெழுத்தாகத் திருத்தி, பழைய கணனியைப் போலச்செய்யும் செய்நிரல் ஒன்றின்மேல் அதனை மீண்டும் இயங்கவைத்தனர்.